எடை குறைக்கிற ஆபரேஷன், ஸ்லீவ், பைபாஸ்னு முடிவெடுக்கிறப்போ மனசுக்கு யார் கூட நின்னாங்க? உங்க அனுபவம் சொல்லுங்க

குண்டுமல்லி:

உயரத்துக்கு எடை எவ்ளோன்னு பாக்கிற பிஎம்ஐ 41, ஸ்லீவ்தான்னு முடிவாயிடுச்சு, டேட் மட்டும் இன்னும் வாங்கல. சுகர், பிசிஓடி, ராத்திரி மூச்சு அடைக்காம இருக்க மாஸ்க் மாட்டிட்டுத் தூங்குறது எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான், அதை விடுங்க. எனக்கு மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கிறது வேற. கவுன்சிலிங்குக்கு வீட்டுக்காரரும் வந்தார். டாக்டர் படம் வரைஞ்சு, இரைப்பையில முக்கால் பங்குக்கு மேல வெட்டி எடுத்துடுவோம், எடுத்தது எடுத்ததுதான், திரும்ப வைக்க முடியாதுன்னு எல்லாத்தையும் சொல்லிட்டு அவர் பக்கம் திரும்பி "சார் நீங்க என்ன சொல்றீங்க"ன்னார். இவர் போன்லேர்ந்து தலையைத் தூக்காம "அவ இஷ்டம் டாக்டர்"னு சொல்லிட்டார். அவ்ளோதான். வேணாம்னா சண்டை போட்டிருப்பேன், சரின்னா அழுதிருப்பேன், இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?

அப்புறம் டயட்டீஷியன் ரூம். அந்தப் பொண்ணு இருமல் மருந்து மூடி மாதிரி ஒரு 30 எம்எல் கப்பை எடுத்து, என்கிட்ட தராம அவர்கிட்ட நீட்டுது. "முதல் வாரம் தண்ணி, மோர், சூப் எல்லாம் இதுலதான் சார், கடகடன்னு குடிக்க விட்டுடாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சணும், நீங்கதான் பாத்துக்கணும்." அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தார், சட்டைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டார். வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல.

அம்மாகிட்ட இன்னும் சொல்லல, ஆபீஸ்ல சொல்ற ஐடியாவே இல்ல. எந்த டாக்டர், எவ்ளோ செலவுன்னு நான் கேக்கல. நீங்க எல்லாம் யார்கிட்ட பேசினீங்க?

மாட்டுத்தாவணி:

நான் பைபாஸ், இரைப்பையைச் சின்னதாக்கி குடலோட நேரா இணைக்கிறது. பொண்டாட்டிக்கும் ஒரு மச்சானுக்கும் மட்டும்தான் தெரியும், மத்தவங்களுக்கெல்லாம் குடலிறக்கம் ஆபரேஷன்னு சொல்லி முடிச்சாச்சு. அட்மிஷனுக்கு முன்னாடி தூக்கமே இல்லாம கெடந்தேன், அப்ப ஆஸ்பத்திரில ஒரு அக்கா நம்பர் குடுத்தாங்க, ஏற்கெனவே பண்ணிக்கிட்டவங்க, விருதுநகர் பக்கம். தைரியம் சொல்வாங்கன்னு போன் போட்டா, எடுத்ததும் "தம்பி, நல்லதெல்லாம் டாக்டரு சொல்லிருப்பாரு, நான் மிச்சத்தைச் சொல்றேன்"னு ஆரம்பிச்சாங்க பாருங்க. முடி கொத்துக் கொத்தா கொட்டுனது, அவசரத்துல ஒரு வாய் இட்லியை மெல்லாம முழுங்கி நெஞ்சுல நின்னுக்கிட்டது, வளைகாப்பு வீட்ல ஒரு லட்டு தின்னுட்டு வேர்த்து விறுவிறுத்து படபடன்னு வந்து அவங்க வீட்டுக் கட்டில்லயே படுத்துட்டது, பக்கத்து வீட்டு பிரியாணி வாசனைக்கு உக்காந்து அழுதது. நடுவுல குக்கர் விசில் அடிக்குது, "இரு அணைச்சுட்டு வாறேன்"னு போயிட்டு, வந்து விட்ட எடத்துலேர்ந்து தொடர்றாங்க! நான் பயந்துபோயி "அப்ப வேணாங்கிறீங்களாக்கா"ன்னேன். "நான் எப்பய்யா அப்படிச் சொன்னேன், பேத்தியோட தரையில உக்காந்து தாயம் வெளையாடுறேன், கையூணாம எந்திரிக்கிறேன்"னாங்க.

அன்னிக்குத்தான் தூங்குனேன். ஆபரேஷன் முடிஞ்சு நல்லாருக்கேன்னு சொல்ல அவங்களுக்குப் போன் போட்டா நம்பர் உபயோகத்துல இல்லன்னு வருது. ஆஸ்பத்திரில கேட்டா அவங்ககிட்டயும் அதே நம்பர்தான். பேரு கூட சரியாத் தெரியாது, அதுதான் உறுத்துது.

அண்ணாநகர் ரவி:

தப்பா எடுத்துக்காதீங்க, பயமுறுத்த எழுதல. நானும் ஒரு காலத்துல 104 கிலோ, ஒரு டாக்டர் ஆபரேஷன்னு சொன்னதும் எழுந்து வந்துட்டேன், இப்ப 82. அதனால சொல்றேன். முதல்ல ராத்திரி சாப்பாட்டை ஏழு மணிக்குள்ள முடிங்க, வெள்ளைச் சோறு கட், சாமை, வரகு, குதிரைவாலி மாத்தி மாத்தி எடுங்க. காலைல நடை, சாயங்காலம் வெயிட்ஸ், வெறும் நடை மட்டும் போதாது, தசை இருந்தாத்தான் கொழுப்பு கரையும். எண்ணெய் செக்குல ஆட்டினது. போன்ல ஆப் போட்டு வாய்ல போறது எல்லாத்தையும் குறிங்க, சும்மா கொறிக்கிற நாலு முறுக்கும் கணக்குதான். அதுவும் முடியலன்னா இப்பதான் எடை குறைக்கிற ஊசி வந்துடுச்சே, மௌஞ்சாரோ 2025 மார்ச்லயே இந்தியாவுக்கு வந்தாச்சு, ஜூன்ல வெகோவியும் வந்துச்சு. வாரத்துக்கு ஒரு ஊசி, கத்தி வேணாம், தழும்பு வேணாம். நல்லா இருக்கிற உறுப்பை எதுக்கு வெட்டி எறியணும்? மனசு வெச்சா முடியாதது இல்ல. உங்க ஹஸ்பெண்ட் அமைதியா இருந்ததுக்கும் இதுதான் காரணமா இருக்கும், யோசிங்க.

கோவை நிலா:

ரவி சார், அவங்க கேட்டது மனசுக்கு யாருன்னு. நீங்க குதிரைவாலிக்குப் போயிட்டீங்க. 104லேர்ந்து 82க்கு வந்தது நல்ல விஷயங்க, ஆனா பிஎம்ஐ 41ல சுகரோட இருக்கிறவங்க கதை வேற. இரைப்பைல பசியைத் தூண்டுற கிரெலின்னு ஒரு ஹார்மோன் சுரக்குது, அது பெருசா சுரக்கிற பகுதியும் ஸ்லீவ்ல போயிடுது, அதனால வெறும் பையைச் சின்னதாக்குற வேலை இல்லைங்க அது. ஊசியும் நல்ல மருந்துதான், நிறுத்தினா நிறைய பேருக்கு எடை திரும்பி வருதுன்னு ஆராய்ச்சிலயே வந்திருக்கு, மாசாமாசம் ஆகுற காசையும் சொல்லிட்டுப் பேசுங்க.

சரி என் கதை. ஆபரேஷனுக்கு முன்னாடி சைக்காலஜிஸ்டைப் பாக்கணும்ல, அதுக்கு அம்மா கூட வந்தாங்க. அந்த மேடம் என்ன கேட்டாலும் அம்மாதான் பதில். "ராத்திரி எழுந்து சாப்பிடுவீங்களா?" "அதெல்லாம் இல்லைங்க டாக்டர், அவ ரெண்டு இட்லிக்கு மேல தொட மாட்டா." "மனசு கஷ்டமா இருந்தா என்ன பண்ணுவீங்க?" "அவளுக்கு என்னங்க கஷ்டம், நாங்க இருக்கோம்." நான் அவங்க புடவைத் தலைப்பையே பாத்துட்டு உக்காந்திருக்கேன். அந்த மேடம் பேனாவை மூடி வெச்சுட்டு "அம்மா நீங்க கொஞ்சம் வெளில இருங்க"ன்னாங்க. கதவு சாத்தினதும் நான் பேசினது எல்லாம் இங்க எழுத முடியாது, ஒரு ஆள் கேக்கிறாங்கன்னதும் பீரோக்குள்ள ஒளிச்சு வெச்ச பிஸ்கட் பாக்கெட் வரைக்கும் வந்துடுச்சு. வெளில வந்தா அம்மா காரிடார்ல சேர்ல உக்காந்து, மடியில என் ஃபைலை வெச்சுக்கிட்டு, "அழுதா வாய்ல ஏதாச்சும் குடுத்துருவேன், நான்தான் பழக்கினேன், உள்ள அதைத்தானே சொன்ன?"ன்னு கேட்டாங்க. நான் அதைச் சொல்லவே இல்லைங்க. ஆனா இல்லன்னு சொல்லவும் வாய் வரல, லிஃப்ட் வந்துடுச்சு, ஏறிட்டோம்.

அப்புறம் அவங்க ஒரே பல்லவி, மாப்பிள்ளை பாக்கிற நேரத்துல வயித்துல தழும்பான்னு. தழும்பு சின்னச் சின்னதா நாலஞ்சுதான்மா, கல்யாணம் ஆனாலும் குழந்தைக்கு ஒரு வருஷம் ஒண்ணரை வருஷம் தள்ளிப் போடச் சொல்றாங்கன்னதும் அது இன்னொரு பூகம்பம். அதையும் தாண்டி ஆச்சு.

குண்டுமல்லி, உங்க வீட்டுக்காரர் மேல எனக்குக் கோவமா வருது. பொண்டாட்டி வயித்தை வெட்டப் போறாங்க, அந்த ஒரு நிமிஷம் போனைக் கீழ வெக்க முடியாதா?

ரெண்டாவது ஷிப்ட்:

நிலா மேடம், எல்லாரும் அந்த மனுசனைத் திட்டுறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிக்கிறேன், ஏன்னா அந்த மனுசன் நானும்தான். என் வைஃபுக்கு பைபாஸ் ஆச்சு. நானும் "உனக்கு எது தோணுதோ பண்ணு"ன்னுதான் சொன்னேன். சரின்னு சொல்லி அவளுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா நான்தான் அனுப்பி வெச்சேன்னு ஆகும், வேணாம்னு சொன்னா அவ மூச்சு வாங்கிட்டு மாடிப்படி ஏறுறதை தினம் பாக்கணும். ரெண்டுக்கும் எனக்குத் தைரியம் இல்ல. டாக்டர் புள்ளிவிவரம் சொன்னார், ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் உயிருக்கு ஆபத்துன்னு, பித்தப்பைக் கல்லுக்குப் பண்ற ஆபரேஷன் மாதிரிதான் ரிஸ்க்குன்னு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. காலைல ஆறு மணிக்கு நர்ஸ் ஃபார்ம் கொண்டு வந்து, எல்லா ஆபத்தையும் ஒவ்வொண்ணா வரிசையா அச்சடிச்சு, கடைசில "மரணம்"னு தமிழ்லயே போட்டு, அதுக்கு நேரா உறவுமுறைன்னு ஒரு கட்டம். கணவர்னு எழுதணும். பின்னாடி மாமனார் நின்னுட்டு "போட்டாச்சா மாப்ள?"ங்கிறார். பேனா எழுதல, உதறி உதறி எழுதினேன்.

எல்லாம் நல்லபடியா ஆச்சு, 118லேர்ந்து 76. ரொம்ப நாள் கழிச்சு அவ ஃப்ரெண்டுகிட்ட போன்ல பேசுறது காதுல விழுந்துச்சு, "அவர் ஒண்ணும் சொல்லலடி, நானாத்தான் முடிவு பண்ணேன்." ரெண்டாவது ஷிப்ட் முடிச்சு வந்து ராத்திரி ஒரு மணிக்கு அவளுக்கு புரோட்டீன் கலக்கிக் கொடுத்ததெல்லாம் அந்தக் கணக்குல வரவே இல்ல. அவளைத் தப்பு சொல்லல. சொல்லலன்னா சொல்லலதானே.

குண்டுமல்லி, அந்தக் கப் இன்னும் சட்டைலயே இருக்கான்னு பாருங்க, இல்ல எங்க வெச்சிருக்கார்னு பாருங்க.

குண்டுமல்லி:

ரெண்டாவது ஷிப்ட், உங்க பதிவைப் படிச்சதுலேர்ந்து அவரை வேற மாதிரி பாத்துட்டு இருக்கேன், அவர் என்னன்னு கேக்கிறார். கப் பூஜை ரூம்ல விபூதி டப்பா பக்கத்துல இருக்கு. அவர்தான் வெச்சிருக்கணும், எங்க வீட்ல வேற யாரு இருக்கா? ஆனா இன்னும் பேசல. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்னங்க, கப்பை சாமிகிட்ட வெச்சா எனக்கு எப்படித் தெரியும்? நிலா, உங்க கோவம் எனக்கு ஆறுதலா இருந்துச்சு, அதுவும் வேணும்.

உரும்பிராய்க்காரி:

நான் இருக்கிறது லண்டன். இஞ்ச அரசாங்க வைத்தியசேவை என்எச்எஸ்ல நேர ஒப்பரேசனுக்கு விடமாட்டினம், முதல்ல மாசக்கணக்கில வெயிட் கிளினிக்குக்குப் போகோணும், டயட்டீசியன், சைக்கோலஜிஸ்ட் எல்லாரும் ஓம் எண்டாத்தான் சேர்ஜனிட்ட அனுப்புவினம். அதில ஒரு குரூப், வட்டமா இருந்து நான் ஏன் சாப்பிடுறன் எண்டு கதைக்கோணும். ஒரு வெள்ளைக்கார மனுசி வைனும் சிப்ஸும் எண்டு சொல்லி அழுதா. என்ர முறை வந்திட்டுது. நான் என்னத்தைச் சொல்ல? 95 ஐப்பசியில சண்டையால யாழ்ப்பாணத்தில இருந்து இடம்பெயர்ந்து மழைக்குள்ள நடந்து போய் கொடிகாமத்தில ஒரு பள்ளிக்கூடத்தில இருந்தனாங்கள், அம்மா ஒரு சருவச்சட்டிக் கஞ்சியை எங்கள் எல்லாருக்கும் பிரிச்சவ, தான் குடிக்கேல்லை. அதுக்குப் பிறகு கோப்பையில ஒரு பருக்கை விட என்னால ஏலாது, பிள்ளையள் விட்டதையும் வழிச்சுச் சாப்பிடுவன். இதை எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில சொன்னன். ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லை. பக்கத்தில இருந்த சோமாலியாப் பொம்பிளை மட்டும், எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான் எண்டு சொல்லி என்ர முழங்காலில தட்டினா.

வீட்டை வந்து இவரிட்டச் சொன்னா, "உதெல்லாம் ஏன் வெள்ளையளுக்குச் சொன்னனீ" எண்டார். அதுதான் இப்பவும் குத்துது. ஒப்பரேசன் லிஸ்டில பேர் இருக்கு. குரூப்புக்கு இப்பவும் போறன், இவருக்குச் சொல்லுறேல்லை.

பல்லாவரம் பானு:

பண்ணிக்காம திரும்பி வந்தவங்க யாரும் எழுத மாட்டேங்கிறாங்க, நான் எழுதுறேன். லிக்விட் டயட் ரெண்டு வாரம் முடிச்சாச்சு, ஈரல் சுருங்கணும்னு சொல்வாங்கள்ல, அதெல்லாம் ஒழுங்கா இருந்தேன். அட்மிட் ஆக வேண்டிய அன்னிக்கு அத்தை ஃபேமிலி குரூப்ல அந்தப் பழைய நியூஸை எடுத்துப் போட்டாங்க, 2024ல புதுச்சேரிப் பையன் சென்னைக்கு வந்து எடை குறைக்கிற ஆபரேஷன்ல செத்துப் போனானே, அது. கீழ வரிசையா கும்பிடுற கை. ஒருத்தர் கூட என்கிட்ட தனியா பேசல. நான் மயக்க டாக்டர்கிட்ட முகத்துக்கு நேரா சொன்னேன், பயமா இருக்கு, இப்ப வேணாம்னு. அவர் கோச்சுக்கல, "பயந்து வர்றவங்களை நான் தூங்க வெக்க மாட்டேன், வீட்டுக்குப் போங்க"ன்னார். எல்லாருக்கும் முன்னாடி ஒழுங்கா பேசின ஒரே ஆள் அவர்தான்.

வீட்டுக்கு வந்தா அத்தை அரை கிலோ அல்வாவோட நிக்கிறாங்க, "நல்ல முடிவு எடுத்தடி"ன்னு. எல்லாரும் சிரிக்கிறாங்க, டிவி ஓடுது, பச்சைத் தண்ணியும் மோரும் குடிச்சுட்டுக் கெடந்த வயிறு. நான் கிச்சன்ல லைட் போடாம நின்னு அந்தப் பொட்டலத்தை முழுசா சாப்பிட்டேன், நெய் முழங்கை வரைக்கும் வழியுது. இந்த வீட்ல என் எடையைப் பத்தி யாரும் பேசாத ஒரே ராத்திரி அதுதான்.

அண்ணாநகர் ரவி:

பானு, சரியான முடிவு, இனிமே முதல் வேலையா வீட்ல அல்வா, மைதா எதுவும் வாங்காம

மாட்டுத்தாவணி:

அண்ணே, பாதில நிக்குது, அப்படியே விட்ருங்க. அந்தப் புள்ள சரின்னும் சொல்லல தப்புன்னும் சொல்லல.

பானு, திரும்பப் போறதா இருந்தா இன்சூரன்ஸ் மட்டும் மறுபடி பாத்துக்கங்க. இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துற ஐஆர்டிஏஐ வெச்சிருக்கிற ரூல் பிஎம்ஐ 40, இல்லாட்டி 35 கூடவே இதயக் கோளாறு, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற கடுமையான ஸ்லீப் ஆப்னியா, மருந்துக்கு அடங்காத சுகர்னு ஏதாச்சும் இருக்கணும். டாக்டர்மாரு ஆசியாக்காரங்களுக்கு 2022லயே 27.5லேர்ந்து யோசிக்கலாம்னு எறக்கிட்டாங்க, கம்பெனிக்காரன் அதைப் பாக்க மாட்டான், 40ங்கிறதுலயே நிப்பான். லிக்விட் டயட் இருந்து எடை கொஞ்சம் எறங்கி 39.6னு எழுதிட்டா அதையே சாக்கா வெச்சுப்பான், அதனால முதல் நாள் எடை போட்ட சீட்டைப் பத்திரமா வெய்ங்க. எனக்கு அந்த ஒரு சீட்டுக்காகத்தான் அலைய விட்டாய்ங்க.

பல்லாவரம் பானு:

சீட்டு இருக்கு. ஸ்லீப் டெஸ்ட் ரிப்போர்ட் எவ்ளோ நாளைக்குச் செல்லும், தெரியுமா அண்ணா?