பத்தாவது முடித்த பையனைத் தச்சுப் பட்டறைக்கு அனுப்பலாமா?

மரத்தூள் (லிங்கராஜபுரம்)

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எஸ்எஸ்எல்சி முடித்த பிள்ளைகளுக்குப் பியூசி (பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு), டிப்ளமோ, ஐடிஐ என்று மூன்று வழிதான் காட்டுகிறோம். நான்காவதாக ஒன்று வேண்டும். படித்துக்கொண்டே வாரத்தில் இரண்டு நாள் தச்சுப் பட்டறையில் பயிற்சி, அதற்கு மாதாமாதம் உதவித்தொகை, சான்றிதழிலும் அதற்கு இடம். ஜெர்மனியில் தச்சுத் தொழிலுக்கு மூன்று வருடப் பயிற்சி. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாள் பட்டறை. சுவிட்சர்லாந்தில் நான்கு வருடம். அங்கே ஒன்பதாவது முடித்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஏதோ ஒரு தொழிற்பயிற்சிக்குத்தான் போகிறார்கள். யாரும் அதைக் கேவலமாக நினைப்பதில்லை.

நான் பெங்களூரில் மாடுலர் கிச்சன், வார்ட்ரோப் செய்யும் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பவர்களில் பாதிப்பேர் ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம். கைத்திறமையில் குறை சொல்ல முடியாது. ஹோலிக்கு ஊருக்குப் போனால் எப்போது திரும்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. இங்கே மர்பி டவுனிலும் ஆஸ்டின் டவுனிலும் நம் பையன்கள் டெலிவரி பையை மாட்டிக்கொண்டு சிக்னலில் நிற்கிறார்கள்.

வகுப்பறை (அல்சூர்)

இந்தக் கதையை நாம் 1953லேயே பார்த்துவிட்டோம் சார். ராஜாஜி கொண்டுவந்த திட்டம்: பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பனோடு அப்பன் தொழில். குலக்கல்வி என்று ஊரே எதிர்த்தது. அடுத்த வருடம் அவர் பதவி விலகினார், காமராஜர் வந்து அதைக் கைவிட்டார். எழுபது வருடம் கழித்து அதற்கே லேமினேட் ஒட்டிக் கொண்டுவருகிறீர்கள்.

நான் அரசுப் பள்ளியில் பாடம் எடுத்தவள். என் வகுப்பில் வீட்டு வாடகை கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம். "வேலையும் கற்றுக்கலாம், காசும் வரும்" என்று சொன்னால் பெற்றோர் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா?

செல்வா, ஸ்ரீராமபுரம்

டீச்சர், ரெண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீங்க. அது தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு, அதுவும் பிறந்த வீட்டுத் தொழில். இவர் கேட்பது பதினைந்து, பதினாறு வயசுப் பிள்ளை, எந்த வீட்டிலிருந்து வந்தாலும் சரி. என் தாத்தா ஆசாரி. அப்பா ரயில்வேக்குப் போனார், நான் கம்ப்யூட்டருக்கு வந்தேன். என் பெண்ணுக்கு இழைப்புளியைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. அவளுக்கு முறையாகச் சொல்லித்தர இந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடம் உண்டா?

வகுப்பறை

உங்கள் பெண் விருப்பப்பட்டுக் கற்றுக்கொள்வாள் தம்பி, பிடிக்காவிட்டால் திரும்பிவிடுவாள். மாணவன் எடுத்தது தேர்வா, வேறு வழியில்லாமல் போனதா என்பதுதான் கேள்வி. 2020 கல்விக் கொள்கையில் ஆறிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப் பையில்லாமல் தச்சர், தோட்டக்காரர், குயவரிடம் போய்க் கற்கச் சொல்கிறார்கள். நல்லதுதான், எல்லாப் பிள்ளையும் போகும் என்பதால். நீங்கள் கேட்கும் வாரம் இரண்டு நாளுக்கு இந்திராநகர் இன்டர்நேஷனல் பள்ளிப் பையனும் வருவானா? அவனை முதலில் சேருங்கள், அப்புறம் பேசலாம்.

ரவி, ஒயிட்ஃபீல்டு

கனடாவில் ஒன்டாரியோவில் சில வருடம் இருந்தேன். அங்கே பதினொன்று, பன்னிரண்டு படிக்கும்போதே அப்ரென்டிஸாக, அதாவது தொழில் பழகுநராக, சேர வழி உண்டு. பட்டறையில் இருக்கும் நேரம் பள்ளி கிரெடிட்டாகவும் வரும். முறையாகப் பதிந்திருந்தால் அதே நேரம் பின்னால் தொழில் தகுதிக்கும் கணக்காகும். மேல்நிலைப் பள்ளிச் சான்றிதழ் எல்லோருக்கும் கிடைப்பதேதான், கல்லூரிக் கதவு மூடாது. இன்னொன்று, கட்டடத் தச்சரும் கேபினெட் செய்பவரும் அங்கே தனித்தனித் தொழில், தனித்தனித் தேர்வு. கூரைச் சட்டம் அடிப்பவரிடம் போய் டிராயர் செய்யச் சொல்ல மாட்டார்கள். நம் ஊரில் கதவு, கட்டில், கிச்சன், ஃபால்ஸ் சீலிங் எல்லாவற்றுக்கும் ஒரே ஆளைக் கூப்பிட்டுவிட்டு ஃபினிஷிங் சரியில்லை என்று திட்டுகிறோம்.

ரம்பம் (கம்மனஹள்ளி)

நான் இந்தத் தொழில்காரன். ஒருத்தர் ஜெர்மனிங்கறார், ஒருத்தர் கனடாங்கறார். ஹெண்ணூர்ல கட்டிக்கிட்டு இருக்கிற அபார்ட்மென்டுக்கு வந்து பாருங்க. கையில பிடிச்சு அறுக்கிற கட்டரைத் தலைகீழா ப்ளைவுட் பலகைக்கு அடியில் திருகி, பிளேடு மட்டும் மேலே நீட்டிக்கிட்டு இருக்கும். அதுதான் டேபிள் சா. காப்பு மூடி கிடையாது, அறுத்த பிளவு மூடிக்காம பிளேடுக்குப் பின்னால் நிக்கிற பிளவுக் கத்தி கிடையாது. மரம் பிளேடைக் கவ்வினா நேரா வயித்துக்கு வரும். நான் சேர்ந்த புதுசுல எனக்குக் கத்துக் கொடுத்தது என்ன தெரியுமா? டீ வாங்குறது, மைக்கா ஷீட் தூக்குறது, பசை தடவுறது. உளி பிடிக்க விட்டதே ரொம்ப நாள் கழிச்சு. அந்த மேஸ்திரியைக் குறை சொல்லல, அவருக்கும் அப்படித்தான் நடந்துச்சு. ஸ்கூல் பையனை அனுப்பினாலும் அவன் ஹெல்பர்தான். மாணவன்னு நெத்தியில எழுதி ஒட்டியா இருக்கும்?

மரத்தூள்

சைட் வேறு, பட்டறை வேறு. சைட்டுக்குச் சின்னப் பையனை அனுப்பச் சொல்லவே இல்லை.

பட்டறையில் என்ன கற்க முடியும் என்று யாருமே பேசவில்லையே. 8 அடிக்கு 4 அடி ப்ளைவுட் ஷீட்டின் நீளம் 2440 மிமீ. இதை நாலு சமத் துண்டாக்கு என்றால் பத்தாவது பையன் 610 என்பான். பிளேடு ஒவ்வொரு வெட்டுக்கும் 3 மிமீ தின்றுவிடும். மூன்று வெட்டுக்கு 9 போனால் துண்டுக்கு 607.75தான். 610 என்று எழுதி மூன்று துண்டு அறுத்துவிட்டால் கடைசித் துண்டு 601 வந்து நிற்கும். டிராயர் பெட்டி அடிக்கும்போது அது ஓடும் டெலஸ்கோபிக் சேனலுக்குப் பக்கத்துக்கு 13 மிமீ, இரண்டு பக்கமும் சேர்த்து 26 விட வேண்டும். 20 விட்டால் உள்ளே போகாது, 30 விட்டால் ஆடும். மெதுவாக மூடும் சாஃப்ட் குளோஸ் கீலுக்குக் கதவில் 35 மிமீ குழி, 18 மிமீ ப்ளையில் 12, 13 ஆழம். கொஞ்சம் அழுத்தினால் துளையிடும் பிட்டின் முனை மறுபக்க லேமினேட்டில் குத்திக்கொண்டு வெளியே வரும், ஷட்டர் மொத்தமும் வீண். கழித்தல் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்று இதைவிட நன்றாக எந்த வகுப்பில் புரியவைப்பீர்கள்?

வகுப்பறை

அந்தக் கணக்கை ஒரு மரத்துண்டும் ஒரு ஸ்கேலும் இருந்தால் பள்ளியிலேயே சொல்லித்தரலாம். பள்ளிக்கு ஒரு பட்டறை கட்டிக் கொடுங்கள் என்று அரசைக் கேளுங்கள். பிள்ளைகளை உங்கள் யூனிட்டுக்குக் கேட்காதீர்கள். மரத்தூளைப் பற்றியும் யோசித்தீர்களா? உங்கள் பெயரே அதுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே மரத்தூளை, மூக்கில் புற்றுநோய் வரவழைக்கும் பொருள் என்று முதல் பட்டியலில் போட்டுவிட்டது. ப்ளைவுட் பசையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடும் அதே பட்டியல்தான். கர்ச்சீஃப் கட்டிக்கொண்டு அறுப்பவர்களை நான் தெருவிலேயே பார்க்கிறேன்.

கணக்கர் (ஜெயநகர்)

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுச் சண்டை போடலாம். அப்ரென்டிஸ் சட்டம் 1961. குறைந்த வயது 14, ஆபத்தான தொழில்களில் 18. மைனர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ முதலாளியுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், அதைப் பதிய வேண்டும். வேலையில் அடிபட்டால் இழப்பீடு முதலாளி பொறுப்பு. 2019இல் திருத்திய விதியில் பத்தாவது முடித்தவருக்குக் குறைந்த உதவித்தொகை மாதம் 6,000 ரூபாய் என்று வைத்தார்கள். தேசிய அப்ரென்டிஸ் ஊக்கத் திட்டத்தில் இதில் நான்கில் ஒரு பங்கு, 1,500 ரூபாய் வரை, அரசு கொடுக்கும்.

இனி சிக்கல். 30 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனங்களுக்குத்தான் இது கட்டாயம். 4 முதல் 29 வரை விருப்பம். நாலு பேருக்குக் குறைந்தால் சேர்க்கவே முடியாது. பெங்களூரில் தச்சு வேலை நடப்பதே ஒரு மேஸ்திரி, இரண்டு ஆள் என்ற கணக்கில். அவர்களிடம் போகிற பையனுக்கு இந்தக் காகிதப் பாதுகாப்பு எதுவும் இல்லை.

மரத்தூள்

என்னிடம் ஒன்பது பேர். அரசின் அப்ரென்டிஸ் போர்ட்டலில் பதிந்து பையன்களை எடுக்கத் தயார். தூசி உறிஞ்சும் இயந்திரம் பலகை அறுக்கும் ரம்பத்துக்கு ஏற்கெனவே இருக்கிறது.

ரம்பம்

பலகை ஓரத்துக்குப் பட்டை ஒட்டுற எட்ஜ் பேண்டிங் மெஷினுக்கு?

மரத்தூள்

அதற்கு இல்லை. போடுகிறேன்.

செல்வா, ஸ்ரீராமபுரம்

பட்டறை நல்லது, முதலாளி நல்லவர்னே வச்சுக்குவோம். அதுக்கு அப்புறம்? ஐடிஐயில் கார்பென்டர் ஓராண்டுப் படிப்பு. டிப்ளமோவில் நேரா இரண்டாம் வருஷம் சேரணும்னா பத்தாவதுக்கு மேல் இரண்டு வருஷ ஐடிஐ கேட்கிறாங்க. ஃபிட்டர் படித்தவன் போகலாம், தச்சு படித்தவன் போக முடியாது. மல்லேஸ்வரத்தில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் கம்ப்யூட்டர் இயக்குற சிஎன்சி மெஷின் வரைக்கும் மரவேலை சொல்லித்தருது, ஆனால் அதைப் பள்ளிப் படிப்போடு கோர்க்க யாரும் இல்லை. ஸ்விஸ்ல பயிற்சியோடு கூடவே ஒரு தேர்வு எழுதினா பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்குப் போகலாம். டீச்சர் பயப்படுறது இந்த இடத்தில் எனக்கும் நியாயமாத்தான் படுது. சாதியைவிட இந்தச் சுவர்தான் பையனை அங்கேயே நிறுத்தும்.

வகுப்பறை

சாதியைவிட என்று எழுதாதீர்கள். அந்தச் சுவர் ஏன் தச்சுக்கு அவ்வளவு உயரம் என்று கேளுங்கள்.

சரி, வாதத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். மரத்தூள் சார் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறார். பையன் பியூ கல்லூரியில் இருக்கிறான். தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். வாரம் ஆறு நாளில் இரண்டு நாள் உங்களிடம் வந்தால் மிச்சம் நாலு நாள், 67 சதவீதம்கூட முழுசாக இல்லை. ஹால் டிக்கெட் கிடையாது.

ரவி, ஒயிட்ஃபீல்டு

தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாவது எழுதலாமே. அங்கே தினசரி வருகை பிரச்சினை இல்லை.

வகுப்பறை

அப்போது அவன் பள்ளியில் படித்துக்கொண்டே வேலை கற்கும் பையன் இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டு தபாலில் படிக்கும் பையன். எனக்குத் தெரிந்து அப்படிப் போனவர்களில் பாதியில் நின்றவர்கள்தான் அதிகம்.

மரத்தூள்

ஒன்றரை நாள் என்று வைத்தால்? வெள்ளிக்கிழமை முழுசும், சனிக்கிழமை அரை நாளும்.

கணக்கர்

ஆறில் நாலரை, சரியாக 75. ஒரு நாள் காய்ச்சல் வந்தால் அவ்வளவுதான். பட்டறை நேரத்தையும் வருகையில் சேர்த்தால்தான் இது நடக்கும். அதை மாற்ற பியூ கல்வித் துறைதான் மனசு வைக்கணும். மனு எழுதுவதாக இருந்தால் கன்னட வாசகத்தை நான் பார்த்துத் தருகிறேன்.

ரம்பம்

எழுதுங்க. கட்டரைத் தலைகீழா மாட்டக் கூடாதுன்னும் ஒரு வரி சேர்த்துக்குங்க.