டெக்கூபாஜ், கிளியர் ஃபினிஷ்: தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

அன்பு நண்பர்களே,

பழைய மரமேசையைப் புதுப்பிக்கும் கைவினைக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மேசையை உப்புத்தாளால் தேய்த்து, தூசி துடைத்து, பூப்படங்களைக் கத்தரித்து ஒட்டி, அதன்மேல் நிறமில்லாத பூச்சைப் பலமுறை ஏற்றவேண்டும். ஒட்டுவேலை டெக்கூபாஜ், மேலே போவது கிளியர் ஃபினிஷ். இப்போதைக்கு 'வெட்டொட்டு', 'தெளிபூச்சு' என்று எழுதிவைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மொழிபெயர்ப்பு போயாக வேண்டும். சரிதானா?

———

> வெட்டொட்டு

அம்மா, இதைப் படிப்பவர் கணினி முன்னால் போய் உட்கார்ந்துகொள்வார்! மூலச்சொல்லே பாதி வேலையைத்தான் சொல்கிறது. பிரெஞ்சில் அது கத்தரித்தெடுப்பது மட்டும். ஒட்டுவது அதில் இல்லை. 18ஆம் நூற்றாண்டு வெனிசில் இதை 'லாக்கா போவெரா', அதாவது ஏழையின் அரக்கு, என்றார்கள். கீழை நாட்டு அரக்குவேலைப் பெட்டிகளை வாங்க வசதியில்லாதவர்களுக்காக, அச்சிட்ட படங்களை ஒட்டிப் பூச்சின்மேல் பூச்சேற்றி அதுபோலவே செய்து கொடுத்தார்கள். பொருளைப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் அவர்கள். நாமும் 'அரக்கொட்டு' என்போம். அரக்கு நம் சொல். 'அர்' என்னும் செம்மைப்பொருள் வேரைப் பாருங்கள்: அரத்தம், அரக்கு, அரளி...

———

> அரக்கு நம் சொல்

'ராக்ஷா' என்ற வடசொல்லின் திரிபு என்பாரும் உண்டு ஐயா. வேர் தோண்டத் தொடங்கினால் வெள்ளி போய்த் திங்கள் வந்துவிடும். பேசாமல் 'டெக்கூபாஜ்' என்றே விடுங்கள். தேடுபவர் அந்தச் சொல்லைத்தான் தேடுவார்.

———

> டெக்கூபாஜ்

மொழிமுதல் டகரம் வராது. 'தெக்கூபாசு' என்றாவது எழுதுங்கள்.

———

'தெக்கூபாசு' என்றால் யாரோ ஒருவரின் பெயர் என்று நினைப்பார்கள்.

நான் மரவேலை செய்பவன், இலக்கணம் அரைகுறை. ஆனால் 'அரக்கு' வேண்டாம். அதைப் படிப்பவர் அரக்கில் செய்த ஷெல்லாக் மெருகை வாங்கிவந்து பூசிவிடுவார். சூடான தம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். கையேட்டில் இருப்பது நீர்வழிப் பாலியூரிதேன் என்னும் செயற்கைப் பூச்சாகத்தான் இருக்கும். எண்ணெய் வார்னிஷ் நாளாக ஆக மஞ்சளித்துவிடும், படத்தின் வெள்ளையெல்லாம் பழுப்பாகும்.

எனக்குத் 'தாளொட்டு' போதும். இதில் பாடாய்ப்படுத்துவது தாள்தான். ஒருமுறை கிளிப்படம் ஒன்றை அவசரத்தில் ஒட்டினேன். பசையின் ஈரத்தில் தாள் விரிந்து, கிளியின் கழுத்தில் குமிழ் எழும்பிவிட்டது. காய்ந்தபின் பிளேடால் கீறி, ஊசிமுனை அளவு பசை விட்டு, விரலால் நீவினேன். ஆறு பூச்சு ஏற்றியும் அந்தக் கழுத்தில் தழும்பு தெரிகிறது. தாளை முதலில் லேசாக நனைத்து விரியவிட்டிருந்தால் இந்தப் பாடு இல்லை. அம்மா, கையேட்டில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். பெயரைவிட அது முக்கியம்.

———

> தெளிபூச்சு

வினைத்தொகை. தெளிந்த பூச்சு என்று விரியும், நல்லது. ஆனால் 'தெளித்த பூச்சு' என்றும் விரியுமே! தன்வினைக்கும் பிறவினைக்கும் பகுதி ஒன்றுதான். படிப்பவர் தெளிப்பானைத் தேடுவார். 'அடுத்தது காட்டும் பளிங்குபோல்' என்கிறது குறள் 706. அடியில் இருப்பதை அப்படியே காட்டுவதுதானே இந்தப் பூச்சின் வேலை? 'பளிங்குப்பூச்சு' என்போம்.

———

குறளுக்குப் பளிங்கு படிகம். இன்றைக்கு அது தரைக்கல். போதாததற்குப் பளபளப்பே இல்லாத கிளியர் ஃபினிஷும் உண்டு, அதைப் பளிங்கு என்றால் யார் நம்புவார்?

———

வெள்ளி காலை. எல்லோருக்கும் நன்றி. 'தாளொட்டு', 'நிறமிலிப் பூச்சு' என்று போட்டுவிட்டேன். முதலில் வருமிடத்தில் மட்டும் பக்கத்தில் 'டெக்கூபாஜ்' இருக்கும். தாளை நனைக்கும் வரி மூலத்தில் இல்லை, அடிக்குறிப்பாகச் சேர்த்துவிட்டேன். அரக்கொட்டுக்கு ஆதரவு ஒரே ஒரு வாக்கு, அதுவும் முன்மொழிந்தவருடையது.

———

> நிறமிலி

'இலி' ஆளைக் குறிக்கும் அம்மா: அறிவிலி, நாணிலி. பூச்சு ஆளா? என் மறுப்பு பதிவாகட்டும்.

———

கணக்கில் 'முடிவிலி' என்கிறோமே, அதுவும் ஆளா ஐயா? (இந்த விவாத இழைக்கும் அதையே பெயராக வைக்கலாம்.)

———

> முடிவிலி

அதை மாற்றச் சொல்லியும் முன்பே எழுதியிருக்கிறேன்.