மாடியில மட்டும் காத்தாடி சுத்துது: சூத்திரத்துல தப்பா, காத்துலயா?

கேள்வி: திருவான்மியூர், மாடி வீடு. கைப்பிடிச் சுவரோட சேர்த்து உயரம் 8 மீட்டர், கிழக்கு முகப்பு 12 மீட்டர், உள்நீளம் 10. 60 செ.மீ. காகிதக் காத்தாடி, மாஞ்சா போடாத பருத்தி நூல். மாடியில விட்டா 2 மீட்டர் ஏறி, சுத்திக் குப்புற விழுது. இதே சூத்திரத்துல (காத்தாடியோட குச்சியில நூலைக் கட்டுற கட்டு) கடற்கரையில ஒழுங்கா நிக்குது. காத்து வேகம் அளக்கற கிண்ணக் காற்றுமானியை 1.5 மீட்டர்ல பிடிச்சா 0.8க்கும் 4.5 மீ/வினாடிக்கும் நடுவுல தாவுது.

நூல்கண்டு: சூத்திரத்தைத் தொடாதீங்க. காத்து சுவர் விளிம்புல மோதிப் பிரிஞ்சு மேல தாவுது. அதுக்குக் கீழ சுழல் பை ஒண்ணு உருவாகும். முகப்போட சின்ன அளவை 0.67 அடுக்கு, பெரிய அளவை 0.33 அடுக்கு ஏத்திப் பெருக்குங்க: 8, 12க்கு சுமார் 9. அதுல 0.22 பங்கு, அதாவது 2 மீட்டர், பையோட உயரம். சுவர் 1 மீட்டர்னா தளத்துலேருந்து 3 மீட்டர் வரைக்கும் கெட்ட காத்து. நீளம் 0.9 பங்கு, 8 மீட்டர். 10 மீட்டர் மாடியில பெரும்பகுதி அதுதான்!

அங்க நூல் தளர்ந்ததும் குறுக்குக் குச்சியோட வளைவு போய் காத்தாடி தட்டையாகும். வாலில்லாத காத்தாடி உடனே சுத்தும்.

கேள்வி: மானியில 4 கூட வருதே?

நூல்கண்டு: கிண்ணத்துக்குத் திசை தெரியாது. கடல் பக்கமாத் திரும்பி ஓடுற காத்தையும் அதே எண்ணாத்தான் காட்டும். 5 மீட்டர் மூங்கில்ல (இரும்புக் குழாய் வேண்டாம், பக்கத்துல மின்கம்பி இருந்தா மூங்கிலும் வேண்டாம்) 1, 2, 3, 4, 5 மீட்டர்ல 30 செ.மீ. பாலித்தீன் நாடா கட்டி, மாடி நடுவுல நிறுத்தி 10 நிமிஷம் வீடியோ எடுங்க. கீழ் நாடா கடலைப் பார்த்துத் திரும்பும், மேல் நாடா கடல்காத்து போற பக்கமா நேரா நீளும். எந்த உயரத்துல மாறுதோ அதுதான் பையோட எல்லை. சாம்பிராணிப் புகை இந்தக் காத்துல கலைஞ்சிடும், சோப்புக் குமிழி தேவலை.

மூங்கில்குச்சி: ஒண்ணு விட்டுட்டீங்க. மத்தியானத்துக்கு மேல கடல்காத்து தென்கிழக்குலேருந்து வந்தா வீட்டு மூலையிலதான் மோதும். அப்போ அந்த மூலையிலேருந்து ரெண்டு சுவரையும் ஒட்டி முறுக்குச் சுழல் கிளம்பும். மேல சொன்ன கணக்கு நேர்க்காத்துக்குத்தான். சுவர் மேலயும் மீட்டருக்கு ஒரு நாடா ஒட்டுங்க. வட்டம் போடுற நாடா பக்கம் நிக்காதீங்க. காத்து வர்ற பக்கம் தண்ணித் தொட்டி இருந்தா அதோட உயரத்துல 10 மடங்கு தூரம் வரைக்கும் காத்து கலங்கலா இருக்கும்.

கேள்வி: அப்போ மாடியில சோதிக்கவே முடியாதா?

நூல்கண்டு: சூத்திரம் சரிபார்க்கறது கடற்கரையில, தண்ணி ஓரமா. மாடியில 15 மீட்டர் நூல் வெளிய போனப்புறம் வர்ற இழுவையை மட்டும் கணக்குல எடுங்க. அண்ணாந்து பார்த்துக்கிட்டே பின்னால நடக்காதீங்க.