உதவி: ஸ்லட்ஜ் பம்பில் ஸ்டேட்டர் அடிக்கடி போகிறது, டயாபிரம் பம்புக்கு மாறலாமா?

பட்டறைத்தம்பி:
அவசரம். சாயப்பட்டறை இடிபியில் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) ஃபில்டர் பிரஸ்ஸுக்கு (சேற்றைப் பிழிந்து நீரைப் பிரிக்கும் இயந்திரம்) ஸ்லட்ஜ், அதாவது கழிவுச் சேறு, தள்ளும் ஸ்க்ரூ பம்ப். ரப்பர் ஸ்டேட்டருக்குள் திருகு போன்ற ரோட்டர் சுழலும் வகை. தீபாவளிக்குப் போட்ட ஸ்டேட்டர் பொங்கலுக்குள் போய்விட்டது. முதலாளி டயாபிரம் (சவ்வு அசைந்து தள்ளும் பம்ப்) வாங்கலாம் என்கிறார். சென்ட்ரிஃபியூகல் ஸ்லர்ரி பம்ப் போட்டால் தேய்மானமே இருக்காது என்கிறார் இன்னொருவர். நாளைக்குள் சொல்ல வேண்டும்.

நொய்யல்_ஃபிட்டர்:
எத்தனை ஆர்பிஎம் தம்பி? சிங்கிள் ஸ்டேஜா, டபுளா (நீளமான ரோட்டர், அதிக அழுத்தம் தாங்கும்)? சுண்ணாம்பு போடுகிறீர்களா? பிரஸ் நிரம்பும்போது எத்தனை பார் அழுத்தம் காட்டுகிறது?

மெயின்டனன்ஸ்_மணி:
யோசிக்கவே வேண்டாம், காற்றில் ஓடும் டயாபிரம். பிரஸ் அடைத்தால் அதுவே நின்றுவிடும், காலியாக ஓடினாலும் எரியாது. எங்கள் யூனிட்டில் எல்லாமே அதுதான்.

பழைய_கை:
இந்தக் கேள்வியை இங்கே எத்தனை முறை எழுதியாயிற்று, யாரும் பழைய இழைகளைப் படிப்பதில்லை. பம்பை மாற்றும் முன் கழற்றிய ஸ்டேட்டரை நெடுக்காக அறுத்து உள்ளே பாருங்கள். ரப்பர் கருகி, இறுகி, வெடித்திருந்தால் காலியாக ஓடியிருக்கிறது. வழவழப்பாகத் தேய்ந்து துவாரம் அகன்றிருந்தால் மணல். துண்டு துண்டாகப் பிய்ந்திருந்தால் அழுத்தம் மிஞ்சியது. ஊறி மெத்தென்று இருந்தால் எண்ணெய் அல்லது கெமிக்கல். இதைக்கூடப் பார்க்காமல் பம்ப் வாங்கக் கிளம்புவது என்ன வழக்கம்?

பட்டறைத்தம்பி:
அறுத்துப் பார்த்தேன் சார். துண்டு துண்டாகப் பிய்ந்திருக்கிறது. ரோட்டரில் குரோம் உரிந்து, விரலில் சொரசொரவென்று படுகிறது. பெல்ட் டிரைவ், 720 ஆர்பிஎம், சிங்கிள் ஸ்டேஜ். சுண்ணாம்பு உண்டு. பிரஷர் கேஜ் வேலை செய்யாது.

நொய்யல்_ஃபிட்டர்:
கேஜ் இல்லாமல் பிரஸ் ஓட்டுகிறீர்களா! சிங்கிள் ஸ்டேஜ் சுமார் 6 பார் வரைதான் தாங்கும், சுண்ணாம்பு மணல் கலந்தால் அதற்கும் கீழே. பிரஸ்ஸில் கேக் (பிழிந்த சேற்றுக் கட்டி) இறுக இறுக ஸ்லட்ஜ் போக வழியில்லாமல் ரோட்டருக்கும் ரப்பருக்கும் நடுவே பின்னால் வழியும். அதில் இருக்கும் மணல் ரப்பரை அறுத்துவிடும். குரோம் போன ரோட்டரில் எந்தப் புது ஸ்டேட்டரும் நிற்காது, இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். வேகத்தை 300-க்குக் கீழே இறக்கி, அழுத்தம் மிஞ்சினால் பம்பை நிறுத்த பிரஷர் சுவிட்ச் வையுங்கள். விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) இருந்தால் இன்னும் நல்லது. சுண்ணாம்பு கரைக்கும் தொட்டியில் சல்லடையும் போடுங்கள். சென்ட்ரிஃபியூகல் இங்கே ஆகாது, பாலிமர் சேர்த்துத் திரண்டதை இம்பெல்லர் (உள்ளே சுழலும் விசிறி) உடைத்துவிடும். அது எம்-சாண்ட் கழுவும் இடத்துக்குச் சரி.

மெயின்டனன்ஸ்_மணி:
இத்தனை வேலைக்கு டயாபிரமே மேல்.

பழைய_கை:
கரண்ட் பில்லை யார் கட்டுவது? இரண்டு இஞ்ச் டயாபிரம் நிமிடத்துக்கு 50 கன அடி காற்று கேட்டால் கம்ப்ரஸரில் 12 எச்பி போய்விடும். ஸ்க்ரூவுக்கு 5 எச்பி மோட்டார் போதும்.

மெயின்டனன்ஸ்_மணி:
பிரஸ் நிரம்ப நிரம்ப ஓட்டம் குறையும், காற்றும் குறையும். முழு நேரமும் 12 எச்பி என்று கணக்குப் போடுவது நியாயமில்லை. ஸ்டேட்டர் விலையையும் பிரஸ் நின்ற நாளையும் சேருங்கள்.

பழைய_கை:
டயாபிரமின் பால் வால்வில் (உருண்டை வால்வு) கட்டி சிக்கி நின்ற நாளையும் சேர்க்கலாமா? காற்றுக் கசிவை யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

நொய்யல்_ஃபிட்டர்:
இரண்டு பேரும் தனி இழை போடுங்கள் அண்ணா. தம்பி, கேஜ் மாற்றினீர்களா?

பட்டறைத்தம்பி:
மாற்றினோம். முள் 8 பாரைத் தாண்டியது. சுவிட்ச் 5-இல் வைத்தாயிற்று, வேகத்தைக் குறைக்க புல்லி மாற்றியாயிற்று, ரோட்டருக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறோம். பிரஸ் நிரம்ப முன்பைவிட ரொம்ப நேரம் ஆகிறது. நன்றிங்க.

நொய்யல்_ஃபிட்டர்:
ஆகத்தான் செய்யும். வேகம் குறைந்தால் அளவும் குறையும். அடுத்து வாங்கும்போது ஒரு சைஸ் பெரிய பம்ப், டபுள் ஸ்டேஜ் கேளுங்கள், மெதுவாக ஓட்டலாம். பிரஸ் எத்தனை பிளேட்?