பழைய லாரிக்கு அந்தக் காலத்து ரேடியோ: தேடுறதும் சரி பண்றதும் (அஞ்சு ஊர்க்காரங்க ஆளுக்கொண்ணாச் சொன்னது)

நாமக்கல்:
நம்ம பக்கத்து லாரிக்கு 'ஒரிஜினல் ரேடியோ' தேடுறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணுங்க. கம்பெனியிலிருந்து வந்தது பெரும்பாலும் முன்பக்கக் கவுல் (இன்ஜினுக்குப் பின்னாடி டேஷ்போர்டு வரைக்குமான தகரம்) மட்டும் உள்ள சேஸிஸ்தான். கேபினை நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டுப் பட்டறைகளில் மரச்சட்டமும் தகரமும் வெச்சுக் கட்டினாங்க. ரேடியோவுக்கு இடம் விட்டவர் பாடி கட்டின ஆசாரி. அதனால டேஷ்போர்டை வெட்டிராதீங்க. முன்கண்ணாடிக்கு மேல் பலகையில் ஸ்பீக்கர் ஜாலி, மக்கு வெச்சு அடைச்ச திருகு ஓட்டை, கூரையோரம் ஏரியல் ஓட்டை இருக்கான்னு பெயிண்டைச் சுரண்டிப் பாருங்க. அந்த அளவை எடுத்துட்டுப் போய்த் தேடுங்க.

கேபின் பிரிக்கிற இடம், பழைய ஆட்டோ எலக்ட்ரீசியன் கடைப் பரண், கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகள், இங்கெல்லாம் பார்க்கலாம். பாடுதான்னு பார்த்து விலை பேச வேண்டாம். டியூனிங் குமிழை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்புங்க. வண்டி ரேடியோவில் பெரும்பாலும் கேங் கண்டென்சர் (தகடுகள் சுழன்று ஸ்டேஷன் மாத்துறது) இருக்காது. காயிலுக்குள்ளே ஃபெரைட் குச்சிகள் ஒரே சட்டத்தில் சேர்ந்து போய் வரும். அதில் ஒரு குச்சி உடைஞ்சிருந்தால் விட்டுருங்க, மாத்துக்குச்சி கிடைக்காது. வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழல்), கண்டென்சர், வைப்ரேட்டர் (டிரான்ஸ்பார்மருக்காக பேட்டரி கரண்டை துடிச்சுத் துடிச்சு வெட்டிவிடுறது) இல்லாட்டியும் பரவாயில்லை, தேடிப் போட்டுக்கலாம். குமிழ், டயல் கண்ணாடி, மாட்டுற கிளாம்ப் மூணும் செட்டோட இருக்கணும்.

ஈரோடு:
வாங்கினதும் பேட்டரியில் கொடுத்துப் பார்க்கிற ஆசையில்தான் பாதி செட் கருகுது. முதலில் பெட்டியில் ஒட்டின சீட்டைப் படிங்க: 6 வோல்ட்டா, 12ஆ, பாடியில் சேர்றது பாசிட்டிவா நெகட்டிவா. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலதும், 6 வோல்ட் டாட்ஜ், ஃபார்கோவும் பாசிட்டிவ் எர்த்.

வால்வு செட்டாக இருந்தால் கரண்ட் கொடுக்கும் முன்னே பஃபர் கண்டென்சரை மாத்திருங்க. வைப்ரேட்டர் டிரான்ஸ்பார்மரின் செகண்டரியில் இருக்கும்; பெரும்பாலும் 0.005 முதல் 0.01 மைக்ரோஃபாரட் வரை, 1600 வோல்ட். பழசில் என்ன மதிப்பு எழுதியிருக்கோ அதேதான் போடணும், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். வைப்ரேட்டர் காண்டாக்ட் விலகுற நொடியில் கிளம்புற வோல்டேஜை அடக்குறது அதுதான். அது கசிஞ்சால் காண்டாக்ட் ஒட்டிக்கும், பின்னாடியே டிரான்ஸ்பார்மரும் போகும்.

வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துற வழக்கம் இங்கே கூடாது. குறைஞ்ச வோல்டில் வைப்ரேட்டர் துடிக்காமல் ஒட்டி நின்னு சூடாகும். முழு வோல்ட், சரியான ஃபியூஸ், காதில் 'ர்ர்ர்'னு ரீங்காரம் வருதான்னு கவனிங்க. வரலைன்னா உடனே நிறுத்திட்டு வைப்ரேட்டர் டப்பாவைத் திறங்க. வருஷக்கணக்கில் சும்மா கிடந்ததில் காண்டாக்ட்டில் படலம் படிஞ்சிருக்கும். நைஸ் எமரி, அப்புறம் ஸ்பிரிட் நனைச்ச காகிதம் விட்டு இழுத்தால் போதும்.

ரெக்டிஃபையர் வால்வு (ஏசியை டிசி ஆக்குறது) இல்லாத செட்டில் வைப்ரேட்டரே ரெக்டிஃபை பண்ணும். அதில் பேட்டரியின் பாசிட்டிவ், நெகட்டிவை மாத்திக் கொடுத்தால் ஹெச்டி (வால்வுக்குப் போற உயர் வோல்ட்) தலைகீழா வந்து எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் வெடிக்கும்.

கோவை:
ஈரோட்டு அண்ணன் வால்வு செட்டைச் சொல்லிட்டார், நான் டிரான்சிஸ்டர் செட்டைச் சொல்றேனுங்க. உள்ளே ஏஎஃப்114 முதல் 117 வரை நம்பர் போட்ட டிரான்சிஸ்டர் இருந்தால் சந்தேகம் முதலில் அதன் மேல்தான். தகர டப்பாவுக்குள் கண்ணுக்குத் தெரியாத வெள்ளீய முடி வளர்ந்து டப்பாவைக் காலோடு சேர்த்துரும். கழற்றி, டப்பாவுக்குப் போற ஷீல்டு காலுக்கும் மத்த மூணு காலுக்கும் நடுவே மீட்டர் வைங்க. எதுலயும் ஓம்ஸ் காட்டக் கூடாது. ஒரு காலில் மட்டும் காட்டினால் ஷீல்டு காலை வெட்டிவிட்டால் பாடும். ரெண்டு காலில் காட்டினால் ஏஎஃப்127 போடுங்க.

அவுட்புட்டில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் இருந்தால் சிலிக்கானை அப்படியே மாட்டாதீங்க. பேஸ் காலுக்கு 0.2 வோல்ட் கிடைக்கிற மாதிரி பயாஸ் (டிரான்சிஸ்டரைத் தயாரா வைக்கிற சின்ன வோல்ட்) வெச்சிருக்கும், சிலிக்கானுக்கு 0.6 வேணும். ஸ்பீக்கர் இல்லாமலும் ஓட்டக் கூடாது. ஸ்பீக்கரும் செட்டில் எழுதின ஓம்ஸ்தான் இருக்கணும்.

இன்னொண்ணு, அமெரிக்கச் செட்டுகளில் ஐஎஃப் (ஸ்டேஷன் அலையை உள்ளே மாத்தி எடுக்கிற இடை அலைவரிசை) பல இடத்தில் 262 கிலோஹெர்ட்ஸ். வீட்டு ரேடியோ மாதிரி 455ன்னு நினைச்சு டிரிம்மரை (நுணுக்கமா சரிக்கட்டுற திருகு) திருகினால் இருக்கிற அலைன்மென்ட்டும் கெடும்.

பல்லடம்:
ஏரியலுக்கு டிவி கேபிள் போடாதீங்க. அதன் கெப்பாசிட்டன்ஸ் அதிகம், செட்டின் ஏரியல் டிரிம்மரால் ஈடுகட்ட முடியாது; திருச்சி வானொலி 936ம் கோவை வானொலி 999ம் மங்கலாத்தான் கேட்கும். வண்டி ரேடியோவுக்கான மெலிசுக் கம்பி கேபிளே வேணும். ஏரியலை முழுசா இழுத்துவிட்டு, டயலை 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வெச்சு, இரைச்சல் உச்சத்துக்கு வர்ற இடத்தில் டிரிம்மரை நிறுத்துங்க.

சங்ககிரி:
24 வோல்ட் வண்டியில் ரெண்டு பேட்டரிக்கு நடுவிலிருந்து 12 எடுக்கிறாங்க. ஒரு பேட்டரி மட்டும் இறங்கும், மத்தது அதிகச் சார்ஜில் கொதிக்கும். அரை ஆம்பியர், முக்கால் ஆம்பியர் எடுக்கிற டிரான்சிஸ்டர் செட்டுக்கு 12 வோல்ட் தர்ற 7812 ரெகுலேட்டர் போதும். சார்ஜ் ஆகும்போது 28 வோல்ட் வரும், அப்போ 12 வாட் வரைக்கும் சூடு; நல்ல அலுமினியத் தகட்டில் இறுக்கணும். மலிவு ஸ்விட்சிங் கன்வெர்ட்டர் மீடியம் வேவ் முழுக்க இரைச்சல் கொட்டும்.

டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது, அதனால இரைச்சல் பெரும்பாலும் டைனமோவிலிருந்துதான். அதில் தடிச்ச ஒயர் போற டெர்மினலில் 1 மைக்ரோஃபாரட் சப்ரசர் (இரைச்சலை அடக்குற கண்டென்சர்) போடுங்க. ஃபீல்டு டெர்மினலில் போட்டால் கட்அவுட் பெட்டியின் (சார்ஜைக் கட்டுப்படுத்துறது) காண்டாக்ட் கருகும். வைப்பர் போட்டால் மட்டும் கரகரன்னால் அந்த மோட்டாருக்குத் தனியா ஒண்ணு.