வளரெச்சம்: 'உள்ளாற்றல்' என்ற சொல்லுக்கு மாற்றாக ஒரு முன்மொழிவு

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம்.

கல்லூரிக் கூடைப்பந்து வீரர் ஒருவரைத் தொழில்முறை அணிகள் எடைபோடும்போது 'பொட்டென்ஷியல்' என்றும் 'அப்சைடு' என்றும் சொல்லும் கருத்துக்கு, அதாவது அவர் இனி எவ்வளவு வளரக்கூடும் என்பதற்கு, நம் கலைச்சொல் பட்டியலில் தாங்கள் 'உள்ளாற்றல்' என்ற சொல்லை முன்வைத்திருந்தீர்கள். உடற்கல்வி ஆசிரியராக இருந்த அம்மையார் 'எதிர்காலத் திறன்' போதும் என்றார். இரண்டையும் ஒரு வாரமாக என் கட்டுரை வரைவில் வைத்து எழுதிப் பார்த்தேன். இரண்டுமே ஓரிடத்தில் தடுக்கின்றன. அந்த இடம் எது என்பதை ஓர் உண்மையான தேர்வைக் கொண்டு விளக்கிவிட்டு, என் முன்மொழிவுக்கு வருகிறேன்.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வின் அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வை 'டிராஃப்ட்' என்பார்கள். 2011 ஜூன் 23 அன்று நடந்த டிராஃப்டில் இரண்டு முன்கள வீரர்கள் இருந்தார்கள். ஒருவர் அரிசோனா பல்கலைக்கழகத்தின் டெரிக் வில்லியம்ஸ், மற்றவர் சான் டியாகோ அரசுப் பல்கலைக்கழகத்தின் கவாய் லெனார்ட். இருவரும் கல்லூரியில் இரண்டே ஆண்டுகள் ஆடியவர்கள். 1991 மே மாத இறுதியில் ஒருவரும் ஜூன் மாத இறுதியில் மற்றவரும் பிறந்ததால், வயதில் ஒரு மாதத்துக்குச் சற்றே கூடுதலான வேறுபாடுதான் உண்டு. அந்த ஆண்டின் தேசியக் கல்லூரிப் போட்டியில் இருவருடைய அணிகளும் அனாஹைம் நகரில், அடுத்தடுத்த சுற்றுகளில், கனெக்டிகட் அணியிடமே தோற்று வெளியேறின. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இத்தனை பொருத்தமான இணை எளிதில் அமையாது.

கல்லூரியில் ஈட்டியதை மட்டும் பார்த்தால் வில்லியம்ஸ் தெளிவாக மேலே நிற்கிறார். ஆட்டத்துக்கு 19.5 புள்ளிகள் எடுத்தார். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்த 74 பந்துகளில் 42 கூடையில் விழுந்தன. டியூக் அணிக்கு எதிரான ஆட்டத்தில் 32 புள்ளிகள் குவித்தார். லெனார்டின் சராசரி 15.5 புள்ளிகள், பத்துக்குச் சற்று மேற்பட்ட ரீபவுண்டுகள் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுதல்). மூன்று புள்ளி எறிதல்களில் அவருக்கு விழுந்தவை நூற்றுக்கு முப்பதை எட்டவில்லை. வில்லியம்ஸ் இரண்டாவது இடத்தில் மினசோட்டா அணிக்குத் தேர்வானார். லெனார்டை 15ஆவது இடத்தில் இண்டியானா எடுத்து, அன்றிரவே சான் அன்டோனியோவுக்கு மாற்றிக் கொடுத்தது. சான் அன்டோனியோ அவருக்கு ஈடாக ஜார்ஜ் ஹில் என்ற தேர்ந்த பின்கள வீரரை விட்டுக்கொடுத்தது.

பிறகு நடந்ததைக் கூடைப்பந்து பார்ப்பவர்கள் அறிவார்கள். லெனார்ட் 2014இல், தம் 22ஆம் வயதில், என்.பி.ஏ. இறுதித் தொடரின் சிறந்த வீரரானார். 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளும் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதைப் பெற்றார். 2019இல் டொராண்டோவுக்காக மீண்டும் இறுதித் தொடரின் சிறந்த வீரரானார். வில்லியம்ஸ் அணி அணியாக மாறி, பின்னர் ஐரோப்பாவில் ஆடச் சென்றார். அவர் நல்ல வீரர்தான். இரண்டாவது இடம் அவர்மேல் ஏற்றிய எதிர்பார்ப்பை அவரால் சுமக்க முடியவில்லை, அவ்வளவே.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். 'லெனார்டுக்கு உள்ளாற்றல் மிகுதி' என்று எழுதினால், அந்த ஆற்றல் அவருக்குள் ஏற்கெனவே முழுதாக இருந்தது, மூடியைத் திறந்தவுடன் வெளியே வந்தது என்ற பொருளே படிப்பவர் மனத்தில் நிற்கும். அவருடைய எறிதல் அப்படி வரவில்லை. சான் அன்டோனியோவின் எறிதல் பயிற்சியாளர் சிப் எங்கலண்ட், அவர் பந்தைக் கையிலிருந்து விடும் நிலையைத் திருத்தினார். அந்தத் திருத்தத்தை லெனார்ட் ஓயாமல் பழகினார். முதல் பருவத்திலேயே அவருடைய மூன்று புள்ளி எறிதல்கள் 37 விழுக்காட்டுக்கு மேல் விழுந்தன, அதுவும் அன்றைய கல்லூரிக் கோட்டைவிட மூன்று அடி வரை பின்னால் இருந்த கோட்டுக்கு வெளியிலிருந்து. கல்லூரி நாளில் அந்த எறிதல் அவருக்குள் எங்கும் ஒளிந்திருக்கவில்லை. வளர்வதற்கு இடம் இருந்தது, அந்த இடத்தில் அது வளர்க்கப்பட்டது. 'உள்ளாற்றல்' என்ற சொல் வளர்த்தவரையும் வளர்ந்தவரின் உழைப்பையும் ஒருசேர மறைத்துவிடுகிறது என்பதே என் முதன்மையான மறுப்பு. பள்ளி இயற்பியலில் 'நிலை ஆற்றல்' படித்த மாணவர் இதையும் அதன் உறவாகவே எடுத்துக்கொள்வார் என்பது இரண்டாவது. உயரத்தில் வைத்த கல்லின் நிலை ஆற்றலைக் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். பத்தொன்பது வயது இளைஞருக்கு அப்படி ஒரு வாய்பாடு கிடையாது.

'எதிர்காலத் திறன்' என்பதன் சிக்கல் வேறு. அது இரண்டு கேள்விகளை ஒன்றாக்கிவிடுகிறது. கல்லூரியில் இன்று செய்வதை இவர் பெரிய ஆட்டத்திலும் செய்வாரா என்பது ஒரு கேள்வி. இன்று செய்யாததை நாளை செய்யக் கற்பாரா என்பது மற்றொன்று. நாற்றங்காலிலிருந்து பறித்து நடவு வயலில் ஊன்றும்போது நாற்று வேர் பிடிக்குமா என்பதும், பிடித்த பிறகு எவ்வளவு தூர்கட்டும் என்பதும் ஒன்றல்ல. வில்லியம்ஸ் முதல் கேள்வியிலேயே இடறினார். கல்லூரியில் தம்மைவிடக் கனத்த முன்கள வீரர்களை வேகத்தால் கடந்தவர், தொழில்முறை ஆட்டத்தில் தம்மைப் போலவே வேகமானவர்களையும் தம்மைவிட நீண்ட கைகொண்டவர்களையும் எதிர்கொண்டார். அந்த 42 கூடைகளும் குறுகிய கோட்டிலிருந்து, அதுவும் 74 முயற்சிகள் என்ற சிறிய கணக்கில் வந்தவை. அவற்றை மட்டும் நம்பி எறிதலை எடைபோட்டிருக்கக் கூடாது. ஃப்ரீ த்ரோ எறிதலைச் சேர்த்துப் பார்ப்பது மதிப்பீட்டாளர்களின் வழக்கம். தடுப்பவர் இல்லாத, தொலைவு மாறாத அந்த எறிதல் கையின் பக்குவத்தைக் கூடுதல் நம்பிக்கையுடன் காட்டுகிறது. லெனார்ட் அதில் நான்கில் மூன்று பங்கு போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய எறிதல் திருந்தும் என்பதற்குக் கல்லூரி நாளிலேயே கிடைத்த மெல்லிய சான்று அது.

இந்த இரண்டாவது கேள்விக்கு மட்டும் உரிய சொல்லாக நான் முன்வைப்பது 'வளரெச்சம்'.

'எச்சம்' என்றவுடன் சில நண்பர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதை அறிவேன். பறவை எச்சம் என்ற வழக்கு அன்றாடப் பேச்சில் வலுவாக இருக்கிறது. ஆயினும் அதே சொல்லைப் பெயரெச்சம், வினையெச்சம் என்று ஒவ்வொரு தமிழ் மாணவரும் பள்ளியில் படிக்கிறார், அங்கே யாரும் சுளிப்பதில்லை. அந்த இலக்கணப் பொருள்தான் நமக்கு வேண்டியது. 'வந்த' என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவர் காத்திருக்கிறார். அது குறைப்பட்ட சொல் என்றோ கழித்துப் போட்ட மீதி என்றோ நாம் கருதுவதில்லை. தன்னை முடித்துவைக்கும் ஒரு பெயரை வேண்டி நிற்கும் சொல் என்கிறோம். பத்தொன்பது வயது லெனார்ட் அப்படித்தான் நின்றார். அவரை முடித்துவைக்க ஓர் அணி வேண்டியிருந்தது, ஒரு பயிற்சியாளர் வேண்டியிருந்தது, தொடக்கத்திலேயே எல்லாப் புள்ளிகளையும் அவரே எடுக்கத் தேவையில்லாத மூத்த வீரர்களின் நிழல் வேண்டியிருந்தது. டிம் டங்கன், மனு ஜினோபிலி, டோனி பார்க்கர் ஆகியோர் ஆடிக்கொண்டிருந்த அணியில் அவருக்கு அந்த நிழல் கிடைத்தது. வேறோர் அணிக்குப் போயிருந்தால் அதே எச்சம் வேறு விதமாக முடிந்திருக்கலாம். 'வந்த' என்பது 'விருந்தினர்' என்றும் முடியலாம், 'வெள்ளம்' என்றும் முடியலாம். வீரரின் வளர்ச்சி சேரும் இடத்தையும் பொறுத்தது என்ற உண்மையை 'உள்ளாற்றல்' சொல்லாது, 'எச்சம்' சொல்லும்.

இலக்கண நோக்கில் ஒரு தடை எழலாம். 'வளரெச்சம்' வினைத்தொகை என்றால் 'வளர்கின்ற எச்சம்' என்று விரியும். வளர்வது வீரர், எச்சமோ வளர வளரக் குறைய வேண்டும். ஆகவே 'வளர்ச்சியெச்சம்' என்பதே சரி என்று யாரேனும் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் வினைத்தொகையில் முன்னிற்கும் வினையைச் செய்வது பின்னிற்கும் பெயராகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'வாழ்நாள்' என்கிறோம், நாள் வாழ்வதில்லை. 'உண்கலம்' என்கிறோம், கலம் உண்பதில்லை. 'உறைவிடம்' என்பதும் அவ்வாறே. காலமும் கருவியும் இடமும் பெயரெச்சத்துக்கு முடிபாக வரும் என்பது இலக்கணம் ஒப்பிய வழக்கு, வினைத்தொகையோ காலம் கரந்த பெயரெச்சம். எனவே 'வளர்தற்கு இடமாக எஞ்சி நிற்பது' என்று 'வளரெச்சம்' தடையின்றி விரியும். மூன்று காலத்துக்கும் பொதுவாக நிற்பதால், 2011இல் கணித்ததைச் சொல்லவும் இன்று திரும்பிப் பார்த்து எழுதவும் ஒரே சொல் உதவும்.

அடுத்து, 'சீலிங்' என்பதற்கு 'உச்சவரம்பு' எனப் பட்டியலில் இருப்பதை நீக்க வேண்டுகிறேன். தமிழில் அந்தச் சொல் நில உச்சவரம்புச் சட்டத்தோடு வேரூன்றிவிட்டது. இதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று பிறர் விதிக்கும் எல்லையையே அது குறிக்கும். வீரர் எட்டக்கூடிய உயரத்தை யாரும் விதிப்பதில்லை. 'முகடு' நல்ல சொல், வீட்டுக்கும் மலைக்கும் ஏற்கெனவே வழங்குவது. முகடு என்பது உயரம். வளரெச்சம் என்பது வீரர் இன்று நிற்கும் இடத்திலிருந்து முகடு வரை உள்ள தொலைவு. முகடு உயர்ந்தும் வளரெச்சம் குறைந்தும் இருக்கலாம், ஏறத்தாழ முழுமை பெற்றே வருகிற வீரரிடம் அதுதான் நிலை.

இரண்டு ஆட்டநிலைகளுக்கு நடுவே நிற்கும் வீரரைச் சொல்லும் 'ட்வீனர்' என்பதற்கு 'இடைநிலை வீரர்' என்று ஒருவர் எழுதியிருந்தார். இடைநிலை ஆசிரியர் என்ற வழக்கு இருக்கும்போது அது தரவரிசையைக் குறிப்பதாகவே படும். சிறு முன்கள வீரருக்கு வேகம் போதாது, பெரு முன்கள வீரருக்கு உயரம் போதாது என்று அணிகள் இச்சொல்லைச் சொன்ன தொனியைப் பார்த்தால் 'இரண்டுங்கெட்டான்' என்பதே நேர்ப்பொருள். ஆனால் மதிப்பிடும் சொல்லிலேயே தீர்ப்பை எழுதிவிடக் கூடாது. மிச்சிகன் அரசுப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் ஆடிய டிரேமண்ட் கிரீன் அந்த முத்திரையோடுதான் 2012இல் 35ஆவது இடம் வரை கீழே போனார். வயதும் 22 ஆகிவிட்டதால் அவருக்கு வளரெச்சம் குறைவு என்று கணித்தார்கள். 2015 இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட் அணி அவரை நடுக்கள வீரராகவே நிறுத்தி வென்றது. 2017இல் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரரும் அவரே. எந்த நிலையிலும் பொருந்தவில்லை என்று எண்ணப்பட்டவர் எல்லா நிலை ஆட்டக்காரரையும் தடுப்பவராக மாறினார். ஆகவே 'இருநிலை வீரர்' என்று புகழும் பழியும் இல்லாத சொல்லாக வைப்போம். கிரீனின் கதை இன்னொன்றையும் நினைவூட்டுகிறது: வளரெச்சம் அளவையால் அறியப்படுவதன்று, கணிக்கப்படுவது. அகராதிப் பதிவில் இதைத் தெளிவாக எழுத வேண்டும்.

அளக்கக்கூடியவை வேறு. இரு கைகளையும் விரித்த நீளத்துக்கு 'கைவிரிப்பு அகலம்' என்று நீட்டி எழுதியிருக்கிறோம். நம் கடலோர மக்கள் அதே நீளத்தைப் 'பாகம்' என்று சொல்லி அதைக்கொண்டு கடலின் ஆழத்தைக் கணக்கிடுகிறார்கள். 'கைப்பாகம்' என்று எடுத்தால் என்ன? காலணியோடு 6 அடி 7 அங்குல உயரமுள்ள லெனார்டுக்குக் கைப்பாகம் 7 அடி 3 அங்குலம். அவரைவிட உயரமான வில்லியம்ஸுக்கு அது ஓர் அங்குலத்துக்கு மேல் குறைவு. எதிராளியின் பந்தைத் தட்டிப் பறிப்பதில் இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை லெனார்டின் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

இறுதியாக, ஐயா அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எச்சம் ஒன்று ஒரு பெயரைக் கொண்டு முடிந்தது என்பது உரையாசிரியர்கள் நடை. அதைப் பின்பற்றி, 'லெனார்டின் வளரெச்சம் சான் அன்டோனியோவைக் கொண்டு முடிந்தது' என்று என் வரைவில் எழுதியிருக்கிறேன். எனக்கு இந்தத் தொடர் மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் விளையாட்டுப் பக்கத்தை மட்டும் படிக்கும் ஒருவர், 'முடிந்தது' என்பதைக் கண்டு அவருடைய ஆட்டமே முடிந்துபோனதாக எடுத்துக்கொள்வாரோ என்று தயங்குகிறேன். 'நிறைந்தது' என்று மாற்றினால் அந்தத் தயக்கம் தீரும், இலக்கண நயம் போய்விடும். எதை வைத்துக்கொள்ளலாம் என்று தாங்கள் சொன்னால் அவ்வாறே திருத்தி அனுப்புகிறேன்.