பாலினீசியன் காரின் பக்கவாட்டுப் படம் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. கலிஃபோர்னியாவின் பர்பேங்கில் நீல் எமரியும் கிளேட்டன் ஜென்சனும் 1940களின் கடைசியில் தொடங்கிய வேலி கஸ்டம் என்ற, கார்களை வெட்டி உருமாற்றும் பட்டறையைப் பற்றித்தான் கேட்கிறேன். அதே வேலையில் பெயர்பெற்ற ஜார்ஜ் பாரிஸைத் தெரிந்த அளவுக்கு இவர்களை யாருக்கும் தெரிவதில்லை. என்னைக் கேட்டால் இவர்கள் வேலை ஒரு படி மேல். கூரையைக் குட்டையாக்குவதைப் பலரும் செய்தார்கள். இவர்களோ காரின் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டைத் தகட்டையே அறுத்தெடுத்து, மேல்பாதியைக் கீழ்பாதியோடு பற்றவைத்தார்கள். பாலினீசியன் என்ற 1950 ஓல்ட்ஸ்மொபைல் அப்படி வந்ததுதான்.

அதை பிளாஸ்டிக் மாடலில் செய்து பார்த்தேன். கதவுகள் சரியாக உட்கார்ந்தன. பானெட்தான் மூடவில்லை, ரேடியேட்டரில் இடிக்கிறது. முன்பக்கம் வெட்டுக்கோடு எந்த உயரத்தில் போக வேண்டும்? பழைய படமோ பத்திரிகைப் பக்கமோ இருந்தால் பகிருங்கள். இன்னொரு கிட் வாங்க வீட்டில் விடமாட்டார்கள்!